முகமூடி வீரர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

உங்கள் மகன் பாடசாலைக்குக் கொண்டு போகும் பையை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் நீலமும் கலந்த உடுப்பில் ஒருவன் சுவரில் ஒட்டிக் கொண்டிருப்பான். தண்ணீர்ப் போத்தலில் இரும்பு முகமூடி போட்ட இன்னொருவன் நிற்பான். பென்சில் பெட்டியில் வௌவால் அடையாளம் இருக்கும். கொஸ்லந்தைக் கடைவீதியானாலும் சரி, பண்டாரவளைச் சந்தையானாலும் சரி, படமில்லாத பை வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் மேல்தட்டில் தூசி தட்டித்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது.

'மௌலவிக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்கக் கூடும். மக்ரிபுக்குப் பின் குர்ஆன் மத்ரஸாவில் என் முன்னே உட்காரும் சிறுவர்களிடம் சுவன நன்மாராயம் பெற்ற பத்து ஸஹாபாக்களைக் கேட்டால் நாலு பெயருடன் நின்று விடுகிறார்கள். முகமூடி வீரர்களைக் கேட்டாலோ இருபது பெயரையும், யாருக்கு என்ன சக்தி, யார் யாருக்கு எதிரி என்பதையும் மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறார்கள். திட்டுவது சுலபம். நாம் திட்டினால் பிள்ளை நமக்குத் தெரியாமல் பார்ப்பான், அவ்வளவுதான். சினிமா பற்றிய மார்க்கச் சட்டத்தை விளக்க இந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. இசையும், ஆடைக் குறைவும், ஆண் பெண் காட்சிகளும் இப்படங்களில் உண்டு. அவற்றின் நிலை உங்களுக்குத் தெரிந்ததே. இந்தக் கதைகளில் பிள்ளைகளை இழுப்பது எது என்பதைத்தான் ஒரு தாய் அறிந்திருக்க வேண்டும் என நினைக்கிறேன்.

முதலில் இதன் வரலாறு. ஜெரி ஸீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய சூப்பர்மேன் 1938 இல் அமெரிக்காவில் வெளிவந்தான். புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். ஏழை எளியவர்களைக் காப்பாற்றும் அந்த வீரனின் முழு உரிமையையும் கம்பனி அவர்களிடமிருந்து வாங்கியது எத்தனை டொலருக்குத் தெரியுமா? வெறும் 130 டொலர்! பிறகு அவன் பெயரால் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள், வறுமையில் வாடிய அவ்விருவருக்கும் 1975 இல்தான், அதுவும் வெளியே எழுந்த கூச்சலுக்குப் பின், ஓர் ஆண்டுக் கொடுப்பனவைத் தர இணங்கினார்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் போதனை நினைவுக்கு வருகிறது. கூலிக்காகப் போராடும் தோட்டங்களின் நடுவே வாழும் நமக்கு இது விளங்காத விஷயமல்ல.

சித்திரக் கதையாக இருந்தது 1978 இல் பெரும் செலவில் சூப்பர்மேன் படமானது. 1989 இல் பேட்மேன் வந்தது. மார்வெல் என்ற கம்பனி 1996 இல் வங்குரோத்து நிலைக்கே போயிற்று. ஆனால் 2002 இன் ஸ்பைடர்மேனும் 2008 இன் அயன்மேனும் நிலைமையைத் தலைகீழாக்கின. 2009 இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ நான்கு பில்லியன் டொலருக்கு மார்வெலை வாங்கியது. அதன் வரிசையில் 22 ஆவது படமாக 2019 இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' மட்டும் உலகெங்கும் சுமார் 2.8 பில்லியன் டொலர் வசூலித்தது.

வித்தை எங்கே இருக்கிறது? ஒரு படத்தின் கடைசியில், பெயர்ப் பட்டியல் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, அடுத்த படத்துக்கு ஒரு சிறு துண்டைக் காட்டி விடுவார்கள். முந்தியதைப் பார்க்காதவனுக்குப் பிந்தியது விளங்காது. மாலை நேரத் தொலைக்காட்சித் தொடர்களில் கண் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இந்தத் தூண்டில் புதிதல்ல! 'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது வசனம் எழுதியவர் ஏ.ஆர். முருகதாஸ், அயன்மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. தோட்டத்து லயத்தில் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கொண்டிருக்கும் சிறுவனுக்கு அமெரிக்கக்காரன் தன் மாமனைப் போலவே பேசுகிறான். முப்பத்தைந்து ஆண்டுகளாகத் திரையரங்கே இல்லாதிருந்த சவூதி அரேபியாவில் 2018 ஏப்ரலில் திரையரங்கு திறக்கப்பட்டபோது முதலில் திரையிடப்பட்டதும் இந்த வரிசைப் படந்தான். ஆகவே 'இது நம்மை வந்து சேராது' என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

தனி ஒரு வீரன் மீதான மோகம் நம் பக்கத்திலும் நேற்று முளைத்ததல்ல. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். தோட்டப்புற மக்களுக்கு யாராக இருந்தார் என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1972 இல் முத்து கொமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டிக்கும் பல அப்பாமார் அதைப் பாடக் கொப்பிக்குள் ஒளித்து வைத்து வாசித்தவர்களே. இன்னும் பின்னால் போனால், அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் அமீர் ஹம்ஸாவின் கதைக்கு ஆயிரத்து நானூறு அளவில் ஓவியங்கள் தீட்டப்பட்டன. அக்கதையில் வரும் அரக்கர்களுக்கும் பறக்கும் பிராணிகளுக்கும் உஹதிலே ஷஹீதான எங்கள் ஹம்ஸா (ரழி) அவர்களின் வரலாற்றோடு எந்த ஒட்டும் இல்லை. தமிழ் முஸ்லிம் புலவர்களும் 'படைப்போர்' என்றொரு இலக்கிய வகையையே உண்டாக்கிப் போர்க் கதைகளைப் பாடினார்கள். இப்படிக் கட்டிச் சொல்பவர்களைப் பற்றி இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டிலேயே தனி நூல் எழுதினார்கள். கதைசொல்லிகளை அவர்கள் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. நல்ல கதைசொல்லியின் தகுதி என்ன, பொய்யன் எங்கே வழுக்குகிறான் என்றுதான் பிரித்துக் காட்டினார்கள். நாமும் அப்படியே செய்து பார்ப்போம்.

இந்த வீரர்களில் பலர் அநாதைகள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்பைடர்மேனைச் சாச்சாவும் சாச்சியும் வளர்க்கிறார்கள். பேட்மேனின் பெற்றோர் அவன் கண் முன்னே கொல்லப்படுகிறார்கள். சூப்பர்மேனின் பெற்றோர் அழியப் போகும் தம் உலகிலிருந்து குழந்தையை ஒரு சிறு கலத்தில் வைத்து அனுப்பி விடுகிறார்கள். எங்கள் ஊவாப் பகுதியில் எத்தனை வீடுகளில் உம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருக்கிறார், பிள்ளை உம்மம்மாவிடம் வளர்கிறது! அந்த உம்மா அனுப்பிய தொலைபேசியில்தான் அந்தப் பிள்ளை இந்தப் படங்களைப் பார்க்கிறது. தனித்து விடப்பட்ட ஒருவனுக்குள் பெரிய சக்தி ஒளிந்திருக்கிறது என்ற கதை அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு இனிக்கும் என்பதை நாம் உணர வேண்டும். அது வெறும் பொழுதுபோக்கல்ல, ஏக்கம்.

சூப்பர்மேனின் கதை மூஸா (அலை) அவர்களின் கதையைப் போலிருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். பெட்டியில் வைத்து அனுப்பப்படுவது வரை ஒற்றுமை சரி. அதற்கப்பால் பாருங்கள், சகோதரிகளே! அவனைப் பெற்றவள் அத்தோடு மறைந்து விடுகிறாள். குர்ஆனிலோ உம்மாவின் உள்ளம் வெறுமையாகிப் போனதும், அக்கா கரையோரமாகப் பின்தொடர்ந்து போனதும், கடைசியில் குழந்தை பாலுக்காகத் தாயின் மடிக்கே திரும்பி வந்ததும் சொல்லப்படுகிறது. வெளிநாட்டிலிருக்கும் உம்மா தொலைபேசியில் அழைக்கும்போது 'சாப்பிட்டியா, படிச்சியா' என்பதோடு இந்தக் கதையையும் ஒருநாள் சொல்லிப் பார்க்கட்டும். பாட்டியின் வாயால் கேட்பதை விட அவர் வாயால் கேட்பது வேறு.

சக்தி கிடைப்பது நல்லவனுக்கு என்ற நம்பிக்கையும் சரியானதல்ல. 2021 இல் வெளிவந்த 'மின்னல் முரளி' என்ற மலையாளப் படத்தில் ஒரே இரவில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையற்காரன், மற்றவன் தேநீர்க் கடையில் வேலை செய்பவன். ஒருவன் ஊரைக் காக்கிறான், மற்றவன் ஊரை எரிக்கிறான். சக்தி ஒன்று, உள்ளம் இரண்டு! அமெரிக்கப் படங்கள் பலவற்றை விட இதில் யோசிக்க விஷயம் உண்டு. 2023 இல் வந்த தமிழ்ப் படமான 'மாவீர'னில் குடிசைகளிலிருந்து கிளப்பப்பட்டவர்களை, தொட்டால் சுவர் உதிரும் மாடி வீடுகளில் குடியேற்றுகிறார்கள். கதாநாயகன் பயந்தவன், எதிர்த்துக் கேட்பவர் அவனுடைய தாய். லயத்துக் கூரை ஒழுகும்போது பாத்திரம் வைத்துப் பழகியவர்களுக்கு அந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

முஸ்லிம் பெயரிலும் வீராங்கனைகள் வந்து விட்டார்கள். பாகிஸ்தானில் 2013 இல் 'புர்கா அவெஞ்சர்' என்ற கார்ட்டூன் தொடரில் ஓர் ஆசிரியை, பெண்கள் பாடசாலையை மூட வருபவர்களைப் பேனாவாலும் புத்தகத்தாலும் விரட்டினாள். அமெரிக்காவில் 2014 இல் கமலா கான் என்ற பாகிஸ்தானியக் குடும்பத்துச் சிறுமிக்கெனத் தனிக் கொமிக்ஸே வெளிவரத் தொடங்கியது. அதை எழுதிய ஜி. வில்லோ வில்சன் இஸ்லாத்தைத் தழுவிய ஒரு பெண்மணி. 2022 இல் அது தொலைக்காட்சித் தொடராகியபோது, பள்ளிவாசலில் பெண்கள் பகுதி பழுதடைந்து கிடப்பதைக் கண்டு அவளுடைய தோழி நிர்வாகத் தேர்தலுக்கே நிற்கிறாள். எனக்கு அந்தத் தொடரில் ஏற்க முடியாத பலவும் உண்டு. ஆனால் பெண்கள் பகுதி விஷயத்தில் அந்தப் பிள்ளை சொன்னதை நம் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகிகளும் கேட்டால் நல்லது என்று பட்டது!

ஒரு மழைக்கால மாலையில் என் மாணவன் ஒருவன், ஒன்பது வயதிருக்கும், என்னிடம் கேட்டான்: "மௌலவி, ஸ்பைடர்மேன் இருந்திருந்தா மீரியபெத்தையில மண்ணை நிப்பாட்டியிருப்பாரா?" அவன் பிறக்கும் முன்னே நடந்தது அது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, எங்கள் ஊருக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் மீது மலை இறங்கியது. காலையிலேயே பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. பலருடைய உடல்கள் இன்றும் அந்த மண்ணுக்குள்ளேதான். வீட்டில் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குள் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. சிரிக்கக் கூடிய கேள்வியல்ல அது.

அன்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அந்த மலை சரியக் கூடியது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மக்களை அங்கிருந்து அகற்றி வேறிடம் கொடுத்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை. படங்களில் வீரன் வருவது கட்டடம் சரியும் அந்தக் கணத்தில். கடிதத்தோடும் வரைபடத்தோடும் மூன்று வருடம் முன்னதாக வந்து நிற்கும் உத்தியோகத்தரை யாரும் படமெடுப்பதில்லை, அவர் பேச்சைக் கேட்டு இடம் மாறிய ஊரையும் யாரும் படமெடுப்பதில்லை. இப்படங்களில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். வானத்திலே ஒருவன் சண்டையிடுகிறான். கீழே ஊர் முழுவதும் வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்கிறது. ஊருக்கு வேறு வேலையே இல்லை! மீரியபெத்தையிலோ மண்வெட்டியோடு இறங்கியவர்கள் சேற்றில் முழங்கால் வரை புதைந்த சாதாரண மனிதர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்தபோதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைகளில் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதும் வீடுகள் நம்மில் நிறைய. அதிலே துல்கர்னைன் வருகிறார். கிழக்கும் மேற்கும் சென்று வந்த பெரும் அதிகாரம் படைத்தவர். இரண்டு மலைகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு கூட்டம் அவரிடம் வந்து, யஃஜூஜ் மஃஜூஜின் தொல்லையைத் தடுத்துத் தாருங்கள், கூலி தருகிறோம் என்கிறது. அவர் கூலியை மறுக்கிறார். ஆனால் 'நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள், நான் பார்த்துக் கொள்கிறேன்' என்று சொல்லவில்லை. உங்கள் உடல் பலத்தைக் கொண்டு உதவுங்கள் என்கிறார். இரும்புப் பாளங்களை அவர்கள்தான் சுமந்து வருகிறார்கள், அவர்கள்தான் ஊதுகிறார்கள், உருக்கிய செம்பு மேலே ஊற்றப்படுகிறது. தொல்லை அடுத்த முறை வருமுன் சுவர் எழுந்து நிற்கிறது. கடைசியில் அவர் தன் நெஞ்சைத் தட்டிக் கொள்ளாமல், இது என் இறைவனின் அருள் என்று சொல்லி விடுகிறார்.

அடுத்த ஜும்ஆ நாளில் நீங்கள் ஓதும்போது பிள்ளை பக்கத்தில் தொலைபேசியோடு இருந்தால் பறிக்க வேண்டாம். அந்த இடம் வந்ததும் ஓதலை நிறுத்தி, தமிழில் கதையைச் சொல்லுங்கள். பிள்ளை விடாது. சுவர் எவ்வளவு உயரம், இரும்பு எத்தனை பாளம், செம்பு உருக எவ்வளவு நெருப்பு வேண்டும் என்றெல்லாம் கேட்கும். மத்ரஸாவில் என்னிடம் கேட்டார்கள். அவருக்குப் பறக்கத் தெரியுமா என்றும் ஒருவன் கேட்டான். தெரியாது என்றேன். அப்படியென்றால் அவ்வளவு உயரத்தில் செம்பை எப்படி ஊற்றினார் என்று யோசிக்கத் தொடங்கி விட்டார்கள்; அன்று இஷாவுக்கு பாங்கு சொல்லும் வரை ஏணி கட்டுவது பற்றியே பேச்சு.