தொய்வு உள்ளவர்கள் ஊர் திரும்பும்போது: நீல நிறப் பம்பைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவோம்

பல வருடங்கள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கூட்டுகிறோம். பற்றை வெட்டி எரிக்கிறோம். தறப்பாள் கொட்டிலுக்குள் விறகு அடுப்பு மூட்டுகிறோம். இரவில் நுளம்புச் சுருளும் குப்பி விளக்கும் எரிகின்றன. ஊர் திரும்பும் முதல் வாரங்களில் இவை எல்லா வீடுகளிலும் நடப்பவை. ஆனால் தொய்வு (ஆஸ்துமா) உள்ள ஒருவருக்கு தூசி, புகை, பூஞ்சணம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேரும் காலமும் இதுதான். பழைய கிளினிக் தூரமாகிவிட்டது, புதிய இடத்தில் இன்னும் பதியவில்லை என்ற நிலையில், பலர் கையில் இருக்கும் நீல நிறப் பம்பை மட்டும் நம்பியிருக்கிறார்கள். அந்தப் பம்ப் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வது உயிரைக் காக்கும்.

பம்ப் என்ன செய்கிறது?

தொய்வு உள்ளவரின் மூச்சுக்குழாய்களில் இரண்டு விடயங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி சேர்கிறது. நீல நிறப் பம்பில் உள்ள சல்பியூட்டமோல் என்னும் மருந்து இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகும். அந்தச் சுகம் சுமார் 4 முதல் 6 மணித்தியாலம் வரை இருக்கும். ஆனால் வீக்கத்தை இந்த மருந்து குறைப்பதில்லை.

வீக்கத்தைக் குறைப்பது பெக்லோமெதசோன் போன்ற தடுப்பு மருந்து. இது பெரும்பாலும் மண்ணிறப் பம்பில் வரும். இதை எடுத்தவுடன் சுகம் தெரியாது. அதனால் பலர் “இது வேலை செய்யவில்லை” என்று நிறுத்திவிடுகிறார்கள். வருத்தம் இல்லாத நாளிலும் வைத்தியர் சொன்னபடி தினமும் எடுத்தால்தான் அது பலன் தரும். எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறலாம். ஆகவே பம்பில் எழுதியுள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து திரும்புவோர் கொண்டுவரும் அஸ்தலினும் இங்கு கிடைக்கும் வென்ரோலினும் ஒரே சல்பியூட்டமோல்தான். இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்து எடுக்கவேண்டாம்.

பம்பைப் பயன்படுத்தும் முறை

1. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதியில் தூசி இல்லையா என்று பாருங்கள். நன்றாகக் குலுக்குங்கள்.
2. புதிய பம்ப் என்றால், அல்லது பல நாட்கள் பயன்படுத்தாதது என்றால், முதலில் இரண்டு தடவை வெளியே அழுத்திவிடுங்கள்.
3. நிமிர்ந்து இருந்து, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.
4. வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக மூடுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுங்கள்.
5. 10 வரை எண்ணும் நேரம் மூச்சை அடக்கி, பின் விடுங்கள்.
6. இரண்டாவது தடவை தேவையென்றால் அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் குலுக்கி எடுங்கள்.

சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வராது. மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். அவர்களுக்கு ஸ்பேசர் தேவை. சிறு குழந்தைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர் வேண்டும். ஸ்பேசர் கிடைக்கும்வரை 500 மில்லிலீற்றர் பிளாஸ்திக் போத்தல் ஒன்றைப் பயன்படுத்தலாம். அதைச் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். அடிப்பகுதியில் பம்பின் வாய் இறுகப் பொருந்தும் அளவுக்குத் துளை வெட்டி, இடைவெளியை ஒட்டுநாடாவால் மூடுங்கள். ஒரு தடவை அழுத்தியதும், போத்தலின் வாயில் உதடுகளைப் பொருத்தி 5, 6 தடவை மெதுவாக மூச்சு இழுத்து விடச் சொல்லுங்கள்.

அளவு மீறினால்

பம்ப் எடுத்தபின் கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, தலையிடி சிலருக்கு வரும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் குறைந்துவிடும். நெஞ்சு வலித்தாலோ, படபடப்பு அடங்காவிட்டாலோ வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்ப் தேவைப்பட்டாலோ, இரவில் இழுப்பு எழுப்பினாலோ, தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். ஒரு தகப்பன் காணி துப்புரவாக்க முன்னதாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் நான்கு தடவை, இரவில் நான்கு தடவை அழுத்தி வேலையைத் தொடர்கிறார். தசை தளர்வதால் சமாளிக்க முடிகிறது. உள்ளே வீக்கம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு பம்பில் வழமையாக 200 அழுத்தங்கள் இருக்கும். நாளுக்கு எட்டு என்றால் 25 நாளில் முடிந்துவிடும். வருத்தம் கடுமையாகும் இரவில் பம்பும் வெறுமையாக இருக்கும். அவர் கிளினிக்குக்குப் போகவேண்டியது முதல் வாரத்திலேயே.

பம்பைத் தொடங்கிய திகதியை அதன்மேல் எழுதி, பயன்படுத்திய தடவைகளைக் கணக்கு வையுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது சரியான அளவைக் காட்டாது. தகரக் கொட்டிலின் கூரைக்குக் கீழோ, அடுப்புக்கு அருகிலோ, வெயிலிலோ வைக்கவேண்டாம். வெறுமையானாலும் துளையிடவோ எரிக்கவோ கூடாது. வெடிக்கும்.

வைத்தியரிடம் சொல்லவேண்டியவை

இருதயம், பிரஷர் மருந்துகளில் புரப்பிரனோலோல், அற்றெனோலோல் போன்றவை இழுப்பைக் கூட்டலாம். அஸ்பிரின், புரூபன் போன்ற வலிக் குளிசைகள் சிலருக்கு ஒத்துவராது. ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். கர்ப்பிணித் தாய்மாரும் தொய்வு மருந்தை நிறுத்தக்கூடாது. மூச்சுத் திணறல் தாய்க்கும் பிள்ளைக்கும் மருந்தைவிட ஆபத்தானது.

எல்லா மூச்சுத் திணறலும் தொய்வு அல்ல. முதன்முதலாக மூச்சுத் திணறல் வந்தவருக்குப் பக்கத்து வீட்டுப் பம்பைக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும்.

உடனே வைத்தியசாலைக்கு

• ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமை
• பிள்ளையின் விலா எலும்பு இடைவெளி உள்ளிழுத்தல், பால் குடிக்க முடியாமை
• உதடு அல்லது நகம் நீலமாதல், சோர்ந்து மயங்குதல்
• பம்ப் எடுத்தும் சுகமின்மை, அல்லது 4 மணித்தியாலத்துக்குள் மீண்டும் இழுத்தல்

1990 இலக்கத்தை அழையுங்கள். இந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். அது வரும்வரை நோயாளியை நிமிர்ந்து இருக்கவையுங்கள். படுக்கவைக்க வேண்டாம். நீலப் பம்பை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை, 10 தடவை வரை ஸ்பேசர் மூலம் கொடுங்கள். இழுப்பு மறைந்து சத்தம் இல்லாமல் போவதும், நோயாளி சோர்ந்திருந்தால், ஆபத்தின் அறிகுறியே. வண்டி தாமதித்தால் கிடைக்கும் வாகனத்தில் புறப்படுங்கள்.

புறப்படுமுன் பாருங்கள்

• கிளினிக் கொப்பியும் மருந்துச் சீட்டும் கைப்பையில் உள்ளனவா?
• குறைந்தது ஒரு மாதத்துக்குரிய நீலப் பம்பும் தடுப்புப் பம்பும் உள்ளனவா? காலாவதித் திகதி சரியா?
• புதிய இடத்துக்கு அருகில் எந்த அரச வைத்தியசாலை, எந்த நாளில் கிளினிக் என்று கேட்டீர்களா? அங்கு சிகிச்சை இலவசம்.
• வீடு துப்புரவாக்கும் நாளில் தொய்வு உள்ளவர் வேறிடத்தில் இருக்க முடியுமா? முடியாவிட்டால் தரையை நனைத்துக் கூட்டுங்கள். அடுப்பைக் கொட்டிலுக்கு வெளியே வையுங்கள்.
• பம்ப் எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரியுமா?