பூமியின் வெப்பமும் அது கொண்டுவரும் உப்பும்

மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை மணலூர்பேட்டை வட்டாரத்துக் கரும்பு விவசாயிகள் நன்கு அறிவர். சர்க்கரை ஆலை எதுவாயினும், சாற்றைச் சுண்டவைக்கும் கொப்பரைகளின் குழாய்களில் நாளடைவில் கெட்டியான படிவு ஏறிவிடுகிறது. உஷ்ணம் சாற்றுக்குச் சரிவரப் போய்ச் சேர்வதில்லை. அரவையை நிறுத்தி, காஸ்டிக் சோடா கலந்த நீரைக் காய்ச்சியும் தூரிகையால் தேய்த்தும் அதை அகற்றுகிறார்கள். அதுவரை கரும்பு வண்டிகள் ஆலை வாயிலில் காத்து நிற்கின்றன. சாற்றில் கரைந்திருந்த சுண்ணாம்பும் மணற்சத்தும் உப்புகளுமே இந்தப் படிவுக்குக் காரணம்.

பூமிக்கடியிலுள்ள வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் இடங்களிலும் இதே தொல்லைதான், பன்மடங்கு பெரிய அளவில் இருக்கிறது. அங்கே வேறொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. குழாயில் படியாமல் நீரோடு வெளியேறும் பொருள்கள் ஆற்றையும் வயலையும் கெடுக்க வல்லவை. ஆதலால் இவ்விஷயத்தை எஞ்சினியர்களுக்கு மட்டும் உரியதென்று விட்டுவிட இயலாது.

இந்தியாவில் வெந்நீர் ஊற்றுகள் முந்நூறுக்கு மேல் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. நமது கல்வராயன் மலையும் அதைச் சுற்றிய நிலமும் மிகப் பழைய கடினப் பாறை. இங்கு அத்தகைய ஊற்று இல்லை. ஊற்றுகளில் சிறப்பாகப் பேசப்படுவது லடாக்கின் தென்கிழக்கேயுள்ள புகா பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திற்குமேல் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் நீர் ஏறத்தாழ 84 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். ஊற்றுகளில் மிகச் சூடானவை அந்த உஷ்ணத்துடனேயே வெளிவருகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1973-ஆம் ஆண்டு முதல் அங்கு ஆராய்ச்சி நடத்தி, 385 மீட்டர் ஆழம்வரை 34 துளைகள் இட்டனர். ஊற்றுகளைச் சுற்றிலும் வெங்காரமும் கந்தகமும் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் பூத்துக் கிடக்கின்றன. பூமிக்குள்ளிருந்து வெப்பம் மட்டும் வருவதில்லை என்பதை அந்தத் தரையே காட்டிவிடுகிறது.

அடியிலுள்ள நீர் மிகுந்த உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் பாறையோடு நெடுங்காலம் கிடந்து, அதிலுள்ளவற்றைக் கரைத்துக்கொள்கிறது. துளை வழியே மேலே வரும்போது அழுத்தம் குறைகிறது; உஷ்ணமும் தணிகிறது. கரைந்தவை அப்போது பிரிந்து படிகின்றன. சுண்ணாம்பு ஒரு வகையாகவும் மணற்சத்து வேறொரு வகையாகவும் நடந்துகொள்வதால், இரண்டிற்கும் பரிகாரம் வெவ்வேறாகிறது.

முதலில் சுண்ணாம்பைக் கவனிப்போம். கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் வாயு பொங்கி வெளியேறுவதைக் கண்டிருக்கிறோம். அந்தக் கரியமில வாயுவே பூமியடி நீரில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கிறது. கிணற்றுக்குள் நீர் மேலேறி, அழுத்தம் குறைந்து ஆவியாகத் தொடங்கும் மட்டத்தில் வாயு பிரிந்துவிடுகிறது. சுண்ணாம்பு உடனே குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. நாளுக்கு நாள் குழாயின் வாய் சுருங்குகிறது. சில கிணறுகளில் சில மாதங்களுக்குள்ளாகவே நீரோட்டம் பெரிதும் குறைந்துவிடும். துளைக்கருவியை மீண்டும் இறக்கிச் சுரண்டுவது பழைய முறை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, இரும்பை அரிக்காதபடி காக்கும் மருந்துடன் கலந்து செலுத்துவது மற்றொன்று. இவற்றினும் மேலானது, படியாமலே தடுத்துவிடுவது. நீர் ஆவியாகத் தொடங்கும் மட்டத்திற்குக் கீழே மெல்லிய குழாயை இறக்கி, சுண்ணாம்பு கட்டியாகச் சேராமல் தடுக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். கிணற்றுக்குள்ளேயே பம்பை இறக்கி, அழுத்தம் குறையாமல் நீரை மேலேற்றுவதும் உண்டு.

சொட்டுநீர்ப் பாசனம் செய்வோருக்கு இதில் புதுமை ஏதும் தோன்றாது. கடின நீருள்ள ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து பாய்ச்சினால் சொட்டுவான்களின் வாயை அடைப்பதும் இதே சுண்ணாம்புதான். அதற்கும் அமிலத்தையே நீரில் கலந்து குழாயில் நிறுத்திவைத்துக் கழுவுகிறோம். அமிலத்தை நீரில் ஊற்றலாமேயன்றி நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது மணற்சத்து, அதாவது சிலிக்கா. தென்பெண்ணை மணலில் பெரும்பகுதி அதுவே. ஆற்று மணல் நீரில் கரைவதில்லையே என்று கேட்கலாம். நமது ஆற்று நீரில் கரையாதது, இருநூறு முந்நூறு டிகிரி உஷ்ணத்தில் தாராளமாகக் கரைகிறது. சுண்ணாம்புக்கு மாறாக, நீர் குளிரக் குளிரச் சிலிக்கா பிரிந்து, கண்ணாடி போன்ற கெட்டிப் படிவாகிறது. சாதாரண அமிலத்துக்கு அது அசையாது. எனவே வெப்பத்தை ஓரளவுக்கு மேல் உறிஞ்சாமல், நீர் இன்னும் சூடாக இருக்கும்போதே விட்டுவிட வேண்டியிருக்கிறது. லாபம் சற்றுக் குறைந்தாலும் குழாய் பிழைக்கும். சிறிது அமிலம் சேர்த்துப் படிவதைத் தாமதப்படுத்துவதும், தொட்டிகளில் தேக்கி முன்னதாகவே வண்டலாக இறக்கிவிடுவதும் பிற வழிகள்.

ஐஸ்லாந்தில் ஸ்வார்ட்செங்கி என்னுமிடத்தில் 1976-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நிலையத்தின் கழிவு நீரை எரிமலைப் பாறை வெளியில் விட்டார்கள். பாறை இடுக்குகளில் இறங்கிவிடும் என்று எண்ணியிருந்தார்கள். சிலிக்கா இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட, நீர் தேங்கிக் குளமாயிற்று. இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் குளிக்க வரும் 'நீலக் குளம்' அதுவே. எல்லாக் கழிவு நீருக்கும் அத்தகைய நல்லூழ் வாய்ப்பதில்லை.

துருக்கி நாட்டின் கதை விவசாயிகள் அறியத்தக்கது. அங்கே கிசில்தெரே என்னுமிடத்தில் 1984-ஆம் ஆண்டில் சுமார் 20 மெகாவாட் நிலையம் தொடங்கப்பட்டது. கிணறுகளில் சுண்ணாம்புப் படிவு ஓயாத தொல்லையாயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை போரான். வெங்காரத்திலுள்ள மூலப்பொருளே அது. நிலையத்தின் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போரான் இருந்தது. அந்நீர் பெரிய மெண்டரெஸ் ஆற்றில் விடப்பட்டது. அந்த ஆற்றை நம்பித்தான் கீழ்ச் சமவெளியில் அத்தியும் ஆரஞ்சும் பருத்தியும் பயிராகின்றன. போரானைப் பொறுத்தவரை எலுமிச்சை, ஆரஞ்சு இனங்கள் மிக மென்மையானவை; பாசன நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே பாதிப்பு தொடங்கிவிடும். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளித்துக் கருகும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிட்டால் பணந்தான் வீண்.

மணிலா பயிரிடுவோர் இங்கே ஒரு சந்தேகம் கொள்ளலாம். பருப்பின் உட்புறம் குழியாவதைத் தடுக்க நாமே வெங்காரம் இடுகிறோமே என்பார்கள். உண்மைதான். போரான் மிகச் சிறிதளவு இன்றியமையாதது. அந்தச் சிறிதளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி வேறு எந்தச் சத்திலும் காணாத அளவுக்குக் குறுகியது.

போரான் ஒன்றோடு முடிவதில்லை. நியூஜிலாந்தில் 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வைராகெய் நிலையத்தின் நீரில் பாஷாணம் இருந்தது. பல்லாண்டுகள் அது வைகாட்டோ ஆற்றில் கலந்தது. குடிநீரில் பாஷாணம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது நம் நாட்டு அளவுகோல். இடத்துக்கு இடம் புளோரைடு, பாதரசம், ஈயம் ஆகியவையும் வரும். குழாயிலிருந்து சுரண்டிய படிவிலும் இவை இருக்கக்கூடுமாதலால், அதை வரப்பிலோ சாலைப் பள்ளத்திலோ கொட்டலாகாது.

காற்றில் கலக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் கவனத்திற்குரியது. அழுகிய முட்டை நாற்றத்தால் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அளவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமற்போகும். காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தங்கும். பாழ்கிணற்றில் இறங்கி உயிரிழந்தோரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதன் அபாயத்தை விளக்க வேண்டுவதில்லை. ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டி நிலையத்தில் இந்த வாயுவையும் கரியமில வாயுவையும் நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். கரியமில வாயுவின் பெரும்பகுதி இரண்டு ஆண்டுகளுக்குள் சுண்ணாம்புக் கல்லாக மாறிவிடுவது கண்டறியப்பட்டது. கிணற்றுக் குழாயில் எதிரியாக இருந்த அதே கல், அங்கே காவலாகிறது!

கழிவைப் பொருளாக்கிய பழைய உதாரணம் இத்தாலியின் லார்தெரெல்லோ. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு வெந்நீரிலிருந்து போரிக் அமிலம் எடுத்தார்கள். மின்சாரம் பின்னால் வந்தது. 1904-ஆம் ஆண்டில் கினோரி கோந்தி என்பார் பூமியின் நீராவியால் ஐந்து விளக்குகளை ஏற்றிக் காட்டினார். ஆனாலும் பொருளாக்குவதை மட்டும் நம்பி ஆற்றைக் காக்க இயலாது என்பதே என் கருத்து. விலைபோகும் பொருளை எடுத்த பிறகும் நீர் எஞ்சி நிற்கும்.

அந்நீருக்குத் தக்க இடம் அது வந்த பூமியே. வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வேறொரு கிணற்றின் வழியே அதை ஆழத்துக்குத் திருப்பி அனுப்புவதே இன்று ஏற்கப்பட்ட முறை. துருக்கியிலும் பின்னர் எழுந்த நிலையங்கள் இதையே கைக்கொண்டன. உஷ்ணம் குறைந்த இடங்களில், வெந்நீர் குழாய்க்குள்ளேயே இருந்து, எளிதில் கொதிக்கும் வேறொரு திரவத்தைச் சூடாக்கி, அதன் ஆவியால் டர்பைனைச் சுழற்றலாம். இதில் வெந்நீர் வெளிக்காற்றைப் பார்க்காமலே திரும்பிவிடும். செலவு கூடும் என்பது மெய். திருப்பி அனுப்பும் கிணறு மிக அருகில் இருந்தால் அடிநீர் குளிர்ந்துவிடும். சிலிக்கா மிகுந்திருந்தால் அந்தக் கிணறே அடைத்துக்கொள்ளும். மேல்மட்டத்திலுள்ள குடிநீர் ஊற்றில் கசியாதபடி இரும்புக் குழாயும் சிமெண்டும் பழுதற இருக்க வேண்டும்.

புகாவில் நடந்ததை இனிச் சொல்லலாம். 2021 பிப்ரவரியில் எண்ணெய் மற்றும் இயற்கை வாயுக் கழகம், லடாக் நிர்வாகத்துடனும் லே மலை வளர்ச்சி மன்றத்துடனும் ஒப்பந்தம் செய்தது. முதற்கட்டமாக ஒரு மெகாவாட் அளவில் சோதனை நிலையம் அமைப்பது நோக்கம். 2022 ஆகஸ்டில் துளையிடும்போது அடிநீர் வெளியேறிப் புகா ஓடையில் கலந்தது. மக்கள் கவலை எழுப்ப, வேலை நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஓடை சிந்து நதியைச் சேர்வது. அதன் கரைப் புல்வெளிகளில் சாங்பா மக்கள் தங்கள் பஷ்மினா ஆடுகளை மேய்க்கிறார்கள். ஊற்று நீர் இயற்கையாகவே அந்த ஓடையில் கலந்துதான் வருகிறது என்று வாதிக்கலாம். ஊற்றாகக் கசிவது வேறு, துளை வழியே ஒரே மூச்சில் பீறிடுவது வேறு.

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்குவதைப் படங்களில் பார்த்திருக்கும் நமக்கு, மேலே விடுவதைக் கீழே உள்ளோர் ஏற்க நேரும் நிலை புரியும். அங்கும் யாரால் எவ்வளவு கலந்தது என்ற வழக்காடலே நீள்கிறது. முன்பிருந்த நிலை எழுத்தில் இருந்தால் வழக்காடல் குறையும். ஆதலால் முதல் துளை இடுவதற்கு முன்பே, ஓடையின் மேலும் கீழும், அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகளிலும் நீர் எடுத்து, போரான், பாஷாணம், புளோரைடு, மொத்த உப்பு ஆகியவற்றை அளந்து எழுதிவைக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும் நீர் பெருகும் காலத்தில் ஒரு முறையும் எடுப்பது அவசியம். ஓடையில் நீர் குறைந்த காலத்தில்தான் உப்பின் அளவு உச்சத்தில் இருக்கும். வேலை நடக்கும்போது மாதந்தோறும் அதே இடங்களில் மீண்டும் எடுத்து, கணக்கின் ஒரு பிரதியை ஊர்ப் பஞ்சாயத்திடம் கொடுத்துவர வேண்டும்.