பெயரை அழித்த அட்டை!

புத்தக அட்டைக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். தலைப்பும் எழுதினவர் பெயரும், கடைக்குள் நுழைகிறவன் கண்ணில் பளிச்சென்று பட வேண்டும். அந்த இரண்டின் மேலேயும் தார் பூசின மாதிரி கறுப்படித்து விற்பனைக்கு அனுப்பினால்? 'டிஸைனருக்குச் சீட்டுக் கிழிந்திருக்கும்' என்பீர்கள். இல்லை ஸார், பாராட்டுதான் கிடைத்தது!

நாவல், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. முதலில் வெளிவந்தது 1949-ல். 2013 ஜனவரியில் பெங்குவின் நிறுவனம் லண்டனில் அதை மறுபடி வெளியிட்டபோது, அட்டை செய்தவர் டேவிட் பியர்ஸன்.

படிக்காதவர்களுக்கு ரெண்டே வரியில் கதை. ஹீரோ வின்ஸ்டன் ஸ்மித் நம்மைப் போல ஓர் ஆபீஸ் ஆசாமி. பழைய பேப்பரில் வந்த செய்திகளை மேலிடத்துக்குத் தோதாகத் திருத்துவது, ஆகாதவர்கள் பெயரை அடியோடு எடுத்துவிடுவது, இதுதான் அவருக்கு ட்யூட்டி. கட்சிக்குப் பிடிக்காதவன் செத்துப் போனான் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்!

பியர்ஸன் அந்த ட்யூட்டியை அட்டையிலேயே பார்த்தார். முறைக்கிற கண், காமிரா எதுவும் வரையவில்லை. பெங்குவினின் அந்தக் காலத்து ஆரஞ்சு அட்டைதான். தலைப்பையும் பெயரையும் அழுத்திப் பள்ளமாகப் பதித்து, மேலே பளபளப்பில்லாத கறுப்பு ஃபாயில். எட்ட நின்றால் வெறும் கறுப்புப் பட்டை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து லேசாகத் தலைகாட்டும்.

சூட்சுமம் இங்கேதான். கறுப்பு தூக்கலாக இருந்தால் என்ன புத்தகமென்றே தெரியாது. எழுத்து தூக்கலாக இருந்தால் தணிக்கை செய்த மாதிரியே இருக்காது. சரியான அளவு பிடிபடச் சோதனைகள் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

முதல் நாவல் எழுதுகிறவர் இப்படிக் கேட்டால் பதிப்பாளர் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுவார். 60 வருஷத்துக்கு மேல் நிலைத்த புகழ் இருந்ததால் துணிந்தார்கள். பேரை மறைத்தாலும் ஜனங்களுக்கு ஆள் தெரியும்!

கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் இந்த அட்டையின் பாதி விஷயம் போச்சு. கையில் எடுத்து விரலால் தடவ வேண்டும். எழுத்து தட்டுப்படும். வின்ஸ்டனின் ஆபீஸில் வேண்டாத காகிதம் நேராக நெருப்புக்குப் போகும், தடமே மிஞ்சாது. பியர்ஸன் தடத்தை விட்டுவைத்தார். 'இங்கே என்ன இருந்தது, யார் அழித்தது?' என்று கேட்க அது போதுமே!