பசியும் தரும் நீரிழிவு

2025 மார்ச் மாதம், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதோடு உடல் எடையையும் குறைக்கும் டிர்செபடைடு ஊசி மருந்து இந்தியச் சந்தைக்கு வந்தது. என்னிடம் சிகிச்சைக்கு வருவோரில் பலர் நாற்காலியில் அமரும் முன்பே அந்த ஊசியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினர். அடுத்த மாதமே, பாங்காக்கில் நடைபெற்ற உலக நீரிழிவு மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு மற்றொரு முடிவை அறிவித்தது. ஊட்டச்சத்துக் குறைவால் ஏற்படும் நீரிழிவை, 'ஐந்தாம் வகை நீரிழிவு' எனத் தனி வகையாக ஏற்பது என்பதே அது. அதைப் பற்றி இன்றுவரை ஒரு நோயாளிகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்கள் மருத்துவமனைப் பக்கமே அரிதாக வருபவர்கள்.

அந்த அறிவிப்பைப் படித்தபோது, நான் பணியில் சேர்ந்த புதிதில் சந்தித்த ஓர் இளைஞரின் முகம் நினைவுக்கு வந்தது. செங்கல் சூளைத் தொழிலாளி, வயது 24, எடை 41 கிலோ. இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. இளம் வயது, மெலிந்த உடல் என்பதால் 'முதல் வகை நீரிழிவு' என்று எழுதி, அதற்குரிய அளவில் இருவேளை இன்சுலினைத் தொடங்கினேன். எல்லோருக்கும் கொடுக்கும் உணவுப் பட்டியலையும் கையில் கொடுத்தேன்.

இரண்டு வாரங்களில், நினைவிழந்த நிலையில் அவரை உடன் வேலை செய்வோர் தூக்கி வந்தனர். காலையில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அன்று மதியம் வரை சாப்பிட ஏதும் கிடைக்கவில்லை. குளுகோஸ் ஏற்றிய பின் கண் விழித்தவர், "சோத்தக் குறைக்கச் சொல்றீங்க சார். குறைக்கிற அளவுக்கு எங்கிட்ட ஏது சோறு?" என்றார். பிறகு அச்சத்தில் அவர் சில வாரங்கள் ஊசியையே நிறுத்திவிட்டார். முதல் வகை நோயாளி அவ்வாறு நிறுத்தினால், சில நாள்களிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்து நேரும். இவருக்குச் சர்க்கரை மிக அதிகமாக ஏறியதே தவிர, கீட்டோன் இல்லை. நான் எழுதிய நோயின் பெயர் அவருக்குப் பொருந்தவில்லை என்பது அப்போது புரிந்தது. பொருந்தும் பெயர் என்னிடம் இல்லை.

முதல் வகை நீரிழிவில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே கணையத்தின் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் ஏறத்தாழ முற்றாக நின்றுபோகிறது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தும், உடல் திசுக்கள் அதற்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. வயிற்றுக் கொழுப்பும் உடல் பருமனும் இதற்குப் பெரிதும் துணைபோகின்றன. மூன்றும் நான்கும் பிற காரணங்களால் வரும் நீரிழிவையும் கர்ப்பகால நீரிழிவையும் குறிக்கும் எண்கள்.

ஐந்தாம் வகையினர் இவற்றில் எதிலும் அடங்குவதில்லை. இவர்களுடைய உடல் இன்சுலினை எதிர்ப்பதில்லை. பீட்டா செல்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்களும் இரத்தத்தில் இல்லை. போதிய இன்சுலினைச் சுரக்கும் திறன்தான் கணையத்துக்குக் குறைவு. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய உணவு கிடைக்காதபோது, கணையத்தின் வளர்ச்சி குன்றுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. கருவிலேயே காணும் பசி வெகுகாலம் தொடரும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது தாயின் வயிற்றில் இருந்தவர்களை நடுத்தர வயதில் பரிசோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது.

இந்த நோய் புதிதன்று. 1955-இல் ஜமைக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஹியூ-ஜோன்ஸ், இரு வகைகளிலும் சேராத நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி வகையாக ஏற்றது. போதிய சான்று இல்லை எனக் கூறி 1999-இல் கைவிட்டது. பெயர் நீங்கியதும் ஆய்வும் அருகியது. மீண்டும் இதற்கு உயிர்கொடுத்ததில் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியும் இணைந்து நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. மெலிந்த நீரிழிவு நோயாளிகளின் இன்சுலின் சுரப்பு இரண்டாம் வகையினரைவிடக் குறைவு, முதல் வகையினரைவிட அதிகம் என்று அது நுட்பமான அளவீடுகளால் காட்டியது. 2025 ஜனவரியில் வல்லுநர்கள் வேலூரில் கூடி விவாதித்ததன் தொடர்ச்சியே பாங்காக் அறிவிப்பு.

உலகில் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடி பேர் வரை இவ்வகையினராக இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. இது தனி நோய்தானா என ஐயுறும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் தேவையானதே. மெலிந்த நீரிழிவு நோயாளிகள் அனைவரும் ஐந்தாம் வகையினர் அல்லர். கணையக் கல், காசநோய், புற்றுநோய் ஆகியவற்றையும் ஆராய்ந்து விலக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது.

எனினும், விவாதம் முடியும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. மெலிந்த இளம் நோயாளிகளுக்கு இன்சுலினைக் குறைந்த அளவில் தொடங்கி, கவனத்துடன் கூட்டலாம். அவர்களில் சிலருக்கு மாத்திரைகளும் உதவக்கூடும். உணவைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையை இவர்களுக்குத் தரக் கூடாது. பருப்பு, முட்டை, பால் எனப் புரதம் மிகுந்த உணவே இவர்களுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி. சி-பெப்டைடு, எதிர்ப்பொருள் பரிசோதனைகள் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் சென்று மாத்திரை வழங்கும் பணியாளர்கள், நோயாளியின் எடையையும் உயரத்தையும் குறித்துவந்தாலே இத்தகையோரில் பலரை அடையாளம் காணலாம்.

காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு வழங்கும் மாதாந்திர உதவித்தொகை, 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உணவும் மருந்தே என்பதை ஒரு நோயின் பொருட்டு அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. எடை குறைந்த ஏழை நீரிழிவு நோயாளிக்கும் அதை நீட்டிப்பதில் தவறென்ன?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அவர்களின் வளர்ச்சியோடு கணையமும் குன்றுமானால், பின்னாளில் எந்த ஊசியாலும் அதை ஈடுசெய்ய முடியாது. கருவுற்ற தாய்க்கான சத்துணவும், அங்கன்வாடி முட்டையும், பள்ளிக் காலை உணவும் நீரிழிவுத் தடுப்புத் திட்டங்களே.

நீரிழிவை நாம் நெடுங்காலமாக 'பணக்காரர்களின் நோய்' என்று சொல்லிவந்திருக்கிறோம். அந்தச் சொல்லை நம்பியதால்தான், உணவில்லாதவரிடம் உணவைக் குறைக்கச் சொன்னேன். இப்போது அந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அடுத்த முறை 41 கிலோ எடையுள்ள ஒருவர் எதிரே வந்து அமரும்போது, 'என்ன சாப்பிடக் கூடாது' என்று பட்டியலிடும் முன்பு, 'இன்று சாப்பிட்டீர்களா?' என்று கேட்பதிலிருந்து மருத்துவர்களாகிய நாங்கள் தொடங்க வேண்டும்.