அறுபடாத நடைவழி

சென்னையில் மாம்பலம் தொடர்வண்டி நிலையத்திற்கும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்திற்கும் இடைப்பட்ட தொலைவு நடந்தே கடக்கத் தக்கது. ஆயினும், அச்சிறு தொலைவு நெடுங்காலம் பயணிகளை வாட்டியது. தொடர்வண்டியிலிருந்து இறங்கியவர்கள், தோளில் பையும் கையில் குழந்தையுமாகக் கடைத்தெருவின் நெரிசலுக்குள் நுழைந்து, பின்னர் வாகனங்களுக்கிடையே வழிதேடிப் பேருந்து நிலையத்தை அடைய வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்விரு நிலையங்களையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 570 மீட்டர். அரைக் கிலோமீட்டர் அளவிலான ஓர் இணைப்பு இல்லாமையே அத்தனை ஆண்டு இன்னலுக்கும் காரணமாயிருந்தது. நடப்பவருக்கு வேண்டியது ஆங்காங்கே அமைந்த அழகிய நடைபாதைத் துண்டுகள் அல்ல. புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை அறுபடாமல் செல்லும் வழியே ஆகும்.

குடிநீர்க் குழாய் ஓரிடத்தில் உடைந்தாலும் வீட்டிற்கு நீர் வந்து சேராது. நடைபாதையின் இயல்பும் அத்தகையதே. நூறு மீட்டர் சீராகச் சென்று, ஒரு மின்மாற்றியின் முன் அது முடிந்துவிடுமானால், நடப்பவர் அந்த இடத்தில் சாலைக்கு இறங்கியே ஆக வேண்டும். பின்னால் வரும் வாகனத்தை அவரால் காண இயலாது. அவர் திடீரென இறங்குவார் என்று ஓட்டுநரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர் என்பதை மத்திய அரசின் புள்ளிவிவரம் காட்டுகிறது. எண்ணிக்கையில் அது 32,000 உயிர்களுக்கும் மேல்.

நடைபாதை இருந்தும் மக்கள் சாலையில் நடக்கின்றனர் என்னும் குறை அடிக்கடி கூறப்படுவது. அது பெரும்பாலும் மக்களின் குற்றமன்று, அமைப்பின் குற்றமே. விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது என்பது இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல். அதனினும் உயர்ந்தால் முதியோர் ஏறத் தயங்குவர். கட்டடங்களின் வாயில்தோறும் கார் நுழைவதற்காக நடைபாதையை வெட்டித் தாழ்த்தினால், நடப்பவர் பத்தடிக்கு ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ளவர் அவ்வாறு எத்தனை முறை செய்வார்? சமதளமாயிருக்கும் சாலையையே அவர் தேர்ந்தெடுப்பார். நடைபாதையைத் தாழ்த்தாமல், அதன் ஓரத்திலேயே சிறு சாய்தளம் அமைத்து வாகனத்தை ஏறி இறங்கச் செய்வதே முறை. அப்போது வேகத்தைக் குறைக்கும் கடமை ஓட்டுநரைச் சேர்ந்ததாகிறது.

நல்ல நடைபாதை, பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும், மூன்று பட்டைகளால் ஆனது. கட்டடத்தை ஒட்டியது கடைமுகப்புப் பட்டை. கண்ணாடிக்கு உள்ளிருக்கும் பொருள்களை நின்று பார்ப்பவர்க்கும் கடைக்குள் நுழைபவர்க்கும் உரியது. சாலையை ஒட்டியது பயன்பாட்டுப் பட்டை. மரங்கள், விளக்குக் கம்பங்கள், இருக்கைகள், மின்பகிர்வுப் பெட்டிகள் ஆகியன இங்கே இடம்பெற வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ளது நடைப்பட்டை. அதில் எதுவும் குறுக்கிடலாகாது. அதன் அகலம் குறைந்தது 1.8 மீட்டரும், தலைக்கு மேலுள்ள தடையற்ற உயரம் 2.2 மீட்டரும் இருத்தல் வேண்டும். எதிரெதிராக வரும் சக்கர நாற்காலிகள் இரண்டு ஒன்றையொன்று கடக்கத் தேவையான அகலம் இது. நான்கு மீட்டர் அகலமுள்ள நடைபாதையின் நடுவே கம்பம் ஒன்றை நட்டுவிட்டால், பயன்படும் அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எனவே, நடைபாதையை அளக்கும்போது சுவரிலிருந்து விளிம்புவரை அளப்பது பொருந்தாது; தடைகள் நீங்கலாக எஞ்சும் அகலத்தையே அளத்தல் வேண்டும்.

இக்கருத்துகளைத் தெருவில் காண விரும்புவோர் தியாகராய நகரின் பாண்டி பஜாருக்குச் செல்லலாம். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் சுருங்கிய வடிவமே 'பாண்டி' என்பது. புதுச்சேரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாகனங்களும் கடைகளும் இடத்திற்காகப் போட்டியிட்ட அந்தச் சாலையில், 2019ஆம் ஆண்டு நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வாகனங்களுக்குரிய பரப்பு சுருக்கப்பட்டு, நடப்போருக்குரிய பரப்பு விரிக்கப்பட்டது. வாகனம் வராவிடில் வணிகம் குன்றும் என்னும் அச்சம் இத்தகைய முயற்சிகளின்போது வணிகரிடையே எழுவது இயல்பு. ஆனால், ஒரு கார் நிற்கும் இடத்தில் பலர் நிற்கலாம் என்பதையும், பொருள் வாங்குவது கார் அன்று, அதிலிருந்து இறங்கி நடப்பவரே என்பதையும் அவ்வச்சம் மறந்துவிடுகிறது.

தெருவோர வணிகரை என்செய்வது என்பது இதனினும் கடினமான வினா. அவர்களை அகற்றிவிட்டால் நடைபாதை ஒழுங்காகும் எனப் பலர் கருதுகின்றனர். பூ விற்பவரும் பழம் விற்பவரும் அவ்விடத்தில் இருப்பதே, இரவு ஒன்பது மணிக்குப் பணி முடிந்து தனியே நடந்து வரும் பெண்ணுக்குத் துணையாகிறது. தெருவை நோக்கும் கண்களே தெருவைக் காக்கின்றன என்னும் கருத்தை அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்தார். இந்தியாவில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் தெருவோர வணிகரின் வாழ்வாதாரத்தைப் பாதுகாப்பதுடன், அவர்கள் விற்பதற்குரிய இடங்களை வரையறுக்கவும் வழிசெய்கிறது. பயன்பாட்டுப் பட்டையைச் சற்று அகலமாக்கி அவர்களுக்கு இடமளித்தால் நடைப்பட்டையும் காக்கப்படும், பிழைப்பும் காக்கப்படும். இடமே ஒதுக்காமல் நடைபாதையை அமைத்துவிட்டு, பின்னர் ஆக்கிரமிப்பு என முறையிடுவதில் பயனில்லை.

வழி அறுபடும் மற்றோர் இடம் சாலைச் சந்திப்பு. 12 மீட்டர் அகலமுள்ள சாலையை, நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் பத்து நொடியில் கடப்பார். நொடிக்கு 0.8 மீட்டரே நடக்கவல்ல மூதாட்டிக்குப் பதினைந்து நொடி தேவை. விளக்கு பத்து நொடியில் மாறிவிட்டால் அவர் நடுச்சாலையில் நிற்பார். நடுத்திட்டில் பாதுகாப்பாக நிற்க இடம் வேண்டும் என்பது இதனாலேயே. கடக்குமிடத்தைச் சாலை மட்டத்தில் கோடிட்டு விடாமல், நடைபாதையின் உயரத்திற்கு மேடாக்கினால் அதுவே வேகத்தடையுமாகும். வேகத்தைக் குறைப்பதன் பயனை இயற்பியல் விளக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மணிக்கு 60 கிலோமீட்டரில் மோதும் வாகனம் 30 கிலோமீட்டரில் மோதும் அதே வாகனத்தைவிட நான்கு மடங்கு ஆற்றலுடன் மோதுகிறது.

எல்லா இடத்திற்கும் மேம்பாலமே தீர்வு எனக் கொள்ளலாகாது. தொடர்வண்டி நிலையம் போன்று ஏற்கெனவே உயரத்தில் நடைமேம்பாலம் உள்ள இடத்தோடு இணைப்பதற்கு அது பொருந்தும். எதிரிலுள்ள மருந்துக் கடைக்குச் செல்ல நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கச் சொன்னால், வாகனத்தின் வசதிக்காக மனிதரைச் சுற்றவிடுவதாக முடியும். புதிய குடியிருப்புகளிலும் இத்தகைய சுற்றல் நேர்கிறது. நீண்ட மதிற்சுவரும் ஒரே வாயிலும் கொண்ட வளாகத்தில், சுவருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் பேருந்து நிறுத்தத்தை அடைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கலாம். மனைப்பிரிவின் வரைபடத்திலேயே நடப்போர்க்கென ஒரு சிறு வாயில் குறிக்கப்பட்டால் செலவு மிகக் குறைவு. சுவர் எழுந்தபின் அதே வாயிலைப் பெறுவது அரிது.

சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடத்தலுக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்றது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 2025இல் வலியுறுத்தியது. கொள்கையும் தீர்ப்பும் தெருவுக்கு வந்து சேரும் இடம் கொத்தனாரின் கையே.

தொட்டுணர் ஓடுகளை இதற்குச் சான்றாகக் கூறலாம். ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே உருவாக்கிய இவ்வோடுகள், 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலில் பதிக்கப்பட்டன. நீள்கோடுகள் உள்ள ஓடு 'நேரே செல்க' என்றும், புள்ளிகள் உள்ள ஓடு 'நில், கவனி' என்றும் பார்வையற்றோரின் கைத்தடிக்கும் பாதத்திற்கும் உணர்த்தும். கம்பிவடம் பதிப்பதற்காகத் தோண்டியவர்கள் மீண்டும் மூடும்போது, கோட்டு ஓட்டின் இடத்தில் புள்ளி ஓட்டையும், புள்ளி ஓட்டின் இடத்தில் கோட்டு ஓட்டையும் மாற்றிப் பதித்துவிட்டால், பார்வையுள்ளவர்க்கு அது வேறொரு கோலமாகவே தோன்றும். அவ்வழியே வரும் பார்வையற்றவர்க்கோ, சாலை தொடங்கும் இடத்தில் 'நேரே செல்க' என்னும் குறிப்புக் கிடைக்கும்.