பேருந்தின் சாவி யார் கையில்?

2019 அக்டோபர் 11 அன்று, மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் முன் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் நின்று உரையாடினர். எட்டு மாதங்கள் கழித்து, 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் வீரமரணம் அடைந்தனர். அந்த அதிர்வு எல்லையோடு நிற்கவில்லை; பொதுப் போக்குவரத்து ஒப்பந்தங்களையும் எட்டியது.

கான்பூர் - முகல்சராய் இடையே 417 கி.மீ. சரக்கு ரயில் பாதையில் சமிக்ஞை அமைக்க, சீன நிறுவனம் ஒன்றுக்கு 2016-இல் வழங்கப்பட்ட ரூ.471 கோடி ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது. பணிகள் மந்தமாக நடந்ததே காரணம் என்றது ரயில்வே. 2020 ஆகஸ்டில், 44 வந்தே பாரத் ரயில்களுக்காகப் பெரம்பூர் ஐ.சி.எஃப். கோரியிருந்த ஒப்பந்தப்புள்ளியும் ரத்தானது. போட்டியிட்ட ஆறு நிறுவனங்களில் ஒன்று, சீன அரசு நிறுவனமான சி.ஆர்.ஆர்.சி.யின் கூட்டு நிறுவனம். மறு ஒப்பந்தப்புள்ளியில் 2021 ஜனவரியில் வாய்ப்பைப் பெற்றது ஹைதராபாதின் மேதா நிறுவனம்.

இதனிடையே 2020 ஜூலை 23 அன்று மத்திய அரசு பொது நிதி விதிகளைத் திருத்தியது. இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் அரசுக் கொள்முதலில் பங்கேற்க முன்பதிவும், வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் ஒப்புதலும் கட்டாயமாயின. மாநில அரசுகளின் கொள்முதலுக்கும் இது பொருந்தும்.

ஆனால், 2021 ஜனவரியில் தில்லி - மீரட் விரைவு ரயில் திட்டத்தின் 5.6 கி.மீ. சுரங்கப் பணி ஷாங்காய் நிறுவனத்துக்கே வழங்கப்பட்டது. இது முரணாகத் தோன்றலாம். எனினும், இரண்டும் ஒரே அளவு ஆபத்தல்ல. சுரங்கம் தோண்டுபவர் பணி முடிந்ததும் வெளியேறிவிடுவார்; மென்பொருள் வழங்குபவர் வாகனத்தின் ஆயுள் முழுவதும் உடனிருப்பார்.

இதைக் கண்கூடாகக் காட்டியது நார்வே. ஆஸ்லோவின் போக்குவரத்து அமைப்பான ரூட்டர், 2025-இல் சீனாவின் யூடோங் மின்பேருந்தைச் சோதித்தது. மென்பொருளைப் புதுப்பிக்கவும் பழுதறியவும் தயாரிப்பாளருக்குத் தொலைவிலிருந்தே அணுகல் இருப்பதும், கோட்பாட்டளவில் பேருந்தை நிறுத்தவும் அது இடம் தருவதும் தெரியவந்தது. அந்த அணுகலை யூடோங் தவறாகப் பயன்படுத்தியதற்குச் சான்று எதுவும் இல்லை. கேள்வி நோக்கம் பற்றியதல்ல, திறன் பற்றியது.

உள்நாட்டு நிறுவனம் என்பதாலேயே கவலை தீர்ந்துவிடாது. போலந்து நிறுவனமான நேவாக் தயாரித்த ரயில்கள் வேறு பணிமனைக்குச் சென்றால் இயங்காமல் போகும்படி நிரல் எழுதப்பட்டிருந்ததாக, 2023 டிசம்பரில் அந்நாட்டு மென்பொருள் வல்லுநர்கள் குற்றம் சாட்டினர், நிறுவனம் மறுத்தது.

நமது விதியிலும் இடைவெளி உண்டு. அது ஒப்பந்தப்புள்ளி அளிப்பவரின் நாட்டை ஆராய்கிறது. அவர் வாங்கிப் பொருத்தும் உதிரிபாகங்களை வழங்குவோருக்கு முன்பதிவு தேவையில்லை. மின்கலக் கட்டுப்பாட்டுக் கருவியும் இணையத் தொடர்புக் கருவியும் உதிரிபாகங்களே! சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30 அன்று இயக்கத் தொடங்கிய 120 மின்பேருந்துகள் இந்திய நிறுவனத் தயாரிப்புகள். ஆயினும், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறும் ஒப்பந்ததாரரே அவற்றின் உரிமையாளர். ஆக, மென்பொருள் உடன்பாட்டிலிருந்து கழகம் ஒரு படி விலகியே நிற்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இது தொலைதூரக் கவலையன்று. தென்மாவட்டப் பயணிகள் வந்திறங்கும் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இங்குள்ளது. ஓட்டுநரில்லா ரயில்களுக்காக வடிவமைக்கப்பட்டுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஒரு தடம் சிறுசேரியில் முடிகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். 2004-இல் ஆழிப்பேரலை தாக்கிய கரை இது. புயலோ வெள்ளமோ வரும்போது மக்களை அப்புறப்படுத்த அரசு நம்பியிருப்பது பேருந்துகளைத்தான். அவை நகர வேண்டிய நாளில் நகர்ந்தாக வேண்டும்.

தொலைத்தொடர்புக் கருவிகள் நம்பகமான மூலங்களிலிருந்தே வரவேண்டும் என்ற விதி 2021 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. கண்காணிப்பு கேமராக்களுக்கும் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியுள்ளது. அதே அளவுகோல் மின்பேருந்துக்கும் தேவை. தொலை அணுகலைத் துண்டிக்கும் வசதி, நிரலைத் தற்சார்புள்ள அமைப்பு தணிக்கை செய்யும் உரிமை, பயணத் தரவுகளை இந்தியாவிலேயே சேமித்தல், கழகத்தின் அனுமதியின்றிப் புதுப்பித்தல் கூடாது என்ற தடை ஆகியன ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். இதனால் விலை சற்றுக் கூடக்கூடும். ஆனால், பேருந்தை வாங்கிவிட்டுச் சாவியை விற்றவரிடமே விட்டுவைப்பது சிக்கனமாகாது.