பனிமலையில் எஞ்சின் ஏன் நிற்கிறது?

1934ஆம் ஆண்டின் பனிக்காலம். கனடா நாட்டில், கியூபெக் மாநிலத்தில் வால்கோர் என்னும் சிற்றூர். ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக்கின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆனால் சாலைகள் எல்லாம் பனியில் புதைந்து கிடந்தன. குழந்தை இறந்துவிட்டது. பனியின்மேல் ஓடும் வண்டியைச் செய்ய முயன்றுகொண்டிருந்த அந்தத் தந்தை அதன்பின் ஓயவில்லை. 1937இல், பற்சக்கரத்தால் சுழலும் பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் 'ஸ்கி-டூ' என்ற சிறிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய ஸ்னோமொபைல் என்னும் பனியூர்தியின் முன்னோடிகளுள் அது ஒன்று.

பனியூர்திக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் பனியைப் பற்றித் தள்ளும் அகன்ற ரப்பர்ப் பட்டை. ராக்கி மலைத்தொடரில் ஏறுவதற்கென்றே தனி வகை ஊர்திகள் இருக்கின்றன. அவற்றுள் பெரியவற்றின் எஞ்சின் சுமார் 850 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், 160 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட ஆற்றலும் கொண்டது. வண்டியின் எடையோ ஏறக்குறைய 200 கிலோ.

சாலையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், இடுப்பளவு பனியில், மாலை நேரத்தில் இந்த எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? வண்டியைத் தள்ளிக்கொண்டு வர முடியாது. நடந்து வருவதும் எளிதன்று. இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கலாம். ஆகவே இங்கே எஞ்சின் பழுது என்பது வெறும் செலவுக் கணக்கு அன்று, உயிர்ப் பிரச்சினை.

காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு

மலையூர்திகளில் பெரும்பாலும் இருப்பது இரு வீச்சு எஞ்சின். எடை குறைவு, திறன் அதிகம் என்பதே காரணம். நிமிடத்திற்கு 8,000 முறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 133 முறை எரிதல் நிகழ்கிறது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும்! அப்படியானால் பிஸ்டன் உருகாமல் இருப்பது எப்படி?

பிஸ்டன் ஏற்கும் வெப்பம் சிலிண்டர்ச் சுவர் வழியாகக் குளிர்நீருக்குச் சென்றுவிடுகிறது. பெட்ரோலும் இதற்குத் துணை செய்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது இதைவிடச் சற்று அதிகமான பெட்ரோலை எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கிறதல்லவா? அதே தத்துவந்தான்.

பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிந்துவிடும், பிஸ்டன் சூடேறும். இதில் ஓர் ஏமாற்று உண்டு. கலவை சற்றே மெலியும்போது எஞ்சின் முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவதுபோல் தோன்றும். ஓட்டுபவர் மகிழ்ந்துபோய் இன்னும் வேகத்தைக் கூட்டுவார். சிறிது நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

கலவை ஏன் மெலிகிறது? மலைதான் காரணம். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில், அந்த உயரத்திற்கேற்பப் பெட்ரோல் வரும் துளையைச் சிறிதாக மாற்றிவிடுவார்கள். அதே வண்டியை 1,500 மீட்டர் உயரமுள்ள பள்ளத்தாக்கில் ஓட்டினால் காற்றின் அடர்த்தி சுமார் 16 சதவீதம் கூடிவிடும். குளிரும் இவ்வாறே செய்யும். 20 டிகிரி வெப்பத்திலிருந்து சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கு இறங்கினால், அதே அழுத்தத்தில் காற்று மேலும் 16 சதவீதம் அடர்ந்துவிடும். காற்று மிகுதி, பெட்ரோல் பழைய அளவிலேயே! மலை உச்சியில் நன்றாக ஓடிய எஞ்சின், குளிர்ந்த காலையில் அடிவாரத்தில் கெட்டுப்போவதன் மர்மம் இதுதான்.

இக்கால வண்டிகளில் உணரிகள் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து சொல்ல, சிறு கணினி பெட்ரோல் அளவை மாற்றிவிடுகிறது. ஆனால் வடிகட்டி அடைபட்டாலோ, பெட்ரோல் பம்பு தளர்ந்தாலோ, ரப்பர் இணைப்பு ஒன்று வெடித்து வெளிக்காற்று உள்ளே நுழைந்தாலோ கணினியின் கணக்கும் பொய்த்துப்போகும்.

பிஸ்டன் சொல்லும் சாட்சி

நின்றுபோன எஞ்சினைத் திறந்து பார்த்தால், அது நின்ற காரணத்தைப் பிஸ்டனே பெரும்பாலும் காட்டிவிடும்.

கழிவு வாயு வெளியேறும் துளையை நோக்கிய பக்கத்தில் நீண்ட கீறல்கள் இருந்தால், மெலிந்த கலவையினால் மிகையாகச் சூடேறியது எனலாம். அப்பக்கந்தான் பிஸ்டனில் மிகச் சூடான பகுதி. தலையின் ஓரம் மணலால் அரித்ததுபோல் பொத்தலாக இருந்தால், எரிகலவை ஒழுங்காக எரியாமல் திடீரென்று வெடித்திருக்கிறது. ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோல் இதற்கு ஒரு காரணம். சுற்றிலும் நான்கு இடங்களில் கீறல்கள் இருந்தால், அது குளிர்ப்பிடிப்பு.

குளிர்ப்பிடிப்பு என்பது என்ன? எஞ்சினைக் கிளப்பியவுடன் முழு வேகம் கொடுத்தால் பிஸ்டன் சட்டென்று சூடேறி விரிவடைகிறது. சிலிண்டரோ இன்னும் குளிர்ந்து, சுருங்கியே இருக்கிறது. இடையில் உள்ள மிகச் சிறிய இடைவெளி மறைந்துபோகிறது. இறுகிய பாட்டில் மூடியை வெந்நீரில் காட்டினால் மூடி விரிந்து கழன்று வரும் அல்லவா? இங்கே உள்ளே இருப்பது விரிவதால் இறுகிக்கொள்கிறது.

காரணத்தைக் கண்டறியாமல் புதிய பிஸ்டனை மட்டும் மாட்டுவது வீண். பழையதைக் கெடுத்த காற்றுக் கசிவு அப்படியே இருக்குமானால் புதியதும் அதே வழியில் போகும். ஆகவே நல்ல மெக்கானிக், எஞ்சினின் துளைகளை அடைத்துச் சிறிதளவு காற்றை உள்ளே ஏற்றி, அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கிறார். குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து ஒப்பிடுகிறார். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அங்கே தேய்மானம் தொடங்கிவிட்டது.

வருமுன் காத்தல்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எளிய முறை. அதன் முனை காப்பிப் பொடி நிறமாக இருந்தால் கலவை சரி. வெண்மையாக இருந்தால் மெலிந்த கலவை. கருமையாக, ஈரமாக இருந்தால் பெட்ரோல் அல்லது எண்ணெய் மிகுதி.

புறப்படுமுன் குளிர்நீர் வெதுவெதுப்பாகும்வரை எஞ்சினை மெல்ல ஓடவிட வேண்டும். எண்ணெய்க் கலத்தைப் பார்க்க வேண்டும். இரு வீச்சு எஞ்சினில் எண்ணெய் எரிந்து தீர்ந்துபோவதால், கலம் காலியானால் உராய்வைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. வெப்பமானியையும் கவனிக்க வேண்டும். பட்டை வாரியடிக்கும் பனிதான் குளிர்நீர்க் குழாய்களைக் குளிர்விக்கிறது. இறுகிய பனிப்பாதையில் பனி சிதறாது. கடுங்குளிரிலும் எஞ்சின் கொதிப்பது இதனால்தான்! அப்போது ஓரத்திலுள்ள தளர்ந்த பனியில் சிறிது தூரம் ஓட்டினால் சூடு தணியும்.

பனியில் அகப்பட்ட மனிதரை மீட்க வேண்டும் என்ற ஏக்கத்தில் பிறந்தது இந்த ஊர்தி. அது மனிதரைப் பனியிலேயே விட்டுவிடாமல் இருக்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. எஞ்சின் திடீரென்று சாவதில்லை. முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. அதைப் புறப்படுமுன் பார்ப்பவர் மாலையில் வீடு திரும்புவார்.